பிரியாத பாட்டில்

"போட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"எத்தனை தடவைதான் சொல்றது அக்கா, போட்டேன்னு..."

"போலீஸ்ல சொன்னதை என்கிட்ட ஒப்பிக்காத."

"...சுவிட்சைப் போட்டேன், பச்சை விளக்கு எரிஞ்சுது, அப்புறம்தான் தொட்டிப் பக்கம் போனேன். இதை வேற எப்படிச் சொல்றது?"

"வந்த உடனே போட்டியா?"

"வந்த உடனே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு வீட்டுக்கு ஒரு போன் பேசிட்டுப் போட்டேன். கொஞ்சம் லேட்டு. ஆனா போட்டேன்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னே. அன்னைக்குச் சுத்தமா மறந்துட்டு உட்கார்ந்திருந்தே. யாருடா போய்ப் போட்டது? உன் வேலையைக் காப்பாத்தினது யாரு?"

எண்ணெய் வயலில் பம்ப் ஓட்டும் அவள் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். திறந்தே கிடந்த கதவை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

"உள்ளே வரலாமா? இல்லே, தீர்ப்பு சொல்லி முடிச்சப்புறம் வரட்டுமா?"

"கொழுந்தனாரே," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "வாயைக் கொஞ்சம் வாசல்லயே விட்டுட்டு வாங்க."

வந்தவர் அண்ணி. துப்பறிவது அவர் தொழில். எடுபிடியாகக் கூடவே சுற்றும் கணவரின் தம்பி மூச்சுக்கு மூச்சு 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. இப்போது இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். "அவர் எனக்கு அண்ணனா தம்பியான்னுதான் இன்னும் முடிவாகலை" என்பான் கொழுந்தன்.

எண்ணெய் வயல் குடியிருப்பின் கடைசி வரிசையில் இரண்டு அறை வீடு. ஜன்னலுக்கு வெளியே, வெகு தூரத்தில், பாய்லர் கூடத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதன் தலையில் எப்போதும் நிற்கும் வெள்ளை ஆவி இல்லை. பாய்லர்காரர் செத்த நாளிலிருந்து இல்லை.

அவர் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலையணை. வெள்ளை உறை, பொடிப்பொடியாய் நீலப்பூ. பக்கத்தில் கிடந்த இன்னொரு தலையணைக்கு உறையே இல்லை. அழுது முடித்த முகம் இல்லை அது. இன்னும் அழ ஆரம்பிக்காத முகம்.

"நீங்கதானே எங்களைக் கூப்பிட்டு விட்டது?" என்றார் அண்ணி.

"நான்தாம்மா. செத்தது என் புருஷன். இவன் என் கூடப் பிறந்தவன். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் இவனைக் கூட்டிட்டுப் போக வர்றார். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். இவன் மருந்தைப் போட்டிருந்தான்னா இவனுக்காக எந்தக் கோர்ட்டு வாசல்லயும் போய் நிப்பேன். போடலைன்னா, சாகுற வரைக்கும் இவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"என்ன மருந்து அது?" என்றான் கொழுந்தன். "இருமலுக்கா?"

பம்ப்காரன் நிமிர்ந்து பார்த்தான். ராத்திரி பகல் தூங்காத கண்கள்.

"எண்ணெய்க்கு. பூமிக்கடியில இருக்கிறது தார் மாதிரி எண்ணெய் சார். சும்மா உறிஞ்சினா வராது. ஆவியை உள்ளே அனுப்பி உருக்கணும். உருகி வர்றப்போ தனியா வராது, தண்ணியோட ஒண்ணுக்குள்ள ஒண்ணா பின்னிக்கிட்டு வரும். பழுப்பா, கொழகொழன்னு. நாங்க அதைக் குழம்பல்னு சொல்வோம். குழம்பல்ல மருந்தை விட்டாத்தான் எண்ணெய் மேலே, தண்ணி கீழேன்னு பிரியும். எண்ணெய் வெளியே போகும். தண்ணி சுத்தமாகி பாய்லருக்குத் திரும்பும், மறுபடி ஆவியாக."

"மருந்துக்குப் பேரு?"

"டப்பாவுல முழ நீளத்துக்கு என்னமோ எழுதியிருக்கும். நாங்க வக்கீல்னு சொல்வோம்."

"ஏன்?"

"ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு பேரைப் பிரிச்சு விடுதே."

கொழுந்தன் சிரிக்கப் போனவன், கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பிரியலைன்னா?"

பம்ப்காரன் தரையைப் பார்த்தான். அவன் அக்காதான் பதில் சொன்னாள்.

"பிரியலைன்னா தண்ணியோட எண்ணெயும் பாய்லருக்குள்ள போயிடும். குழாய்க்குள்ள பூசிக்கும். பூசின இடம் சிவக்கச் சிவக்கக் காயும். காஞ்சு ஒரு கட்டத்துல வெடிக்கும். பக்கத்துல நிக்கிற ஆளு..." தலையணையின் மடிப்பை நீவிவிட்டாள். "மூடின பெட்டியாத்தான் கொண்டாந்தாங்க. திறக்க வேண்டாம்னுட்டாங்க."

அண்ணி பம்ப்காரன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் உங்க மாமாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாதுன்னு போலீஸ் சொல்லுதே," என்றார் அண்ணி பம்ப்காரனிடம்.

"கிடையாது. கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் சொன்னார். 'என் மச்சான் நின்னுக்கிட்டே தூங்குவான், குதிரைக்கு அடுத்தபடி அவன்தான்'னு. மொத்தக் கேன்டீனும் சிரிச்சுது. அன்னைக்கே பேச்சை விட்டுட்டேன். ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். அவரே ரெண்டு மூணு தரம் பேச வந்தார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"ஒரு கிண்டலுக்கா?" என்றான் கொழுந்தன். "நான் சொல்றதுக்கெல்லாம் எங்க அண்ணி மூஞ்சியைத் திருப்பியிருந்தா இந்நேரம் அவங்களுக்குக் கழுத்து நிமிராது."

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பினார்.

"கடைசியா அவர்கூட நீங்க எப்போ பேசினீங்க?"

"அன்னைக்குத்தான். அவர் ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினேன்."

"என்ன பேசினீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு?"

"'சரி'ன்னார். வச்சுட்டார்."

அண்ணி அவளை ஒரு கணம் பார்த்தார்.

*

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ்.

லேப்பில், வெந்நீர்த் தொட்டிக்குள் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே கறுப்பு, கீழே தெளிந்த தண்ணீர், நடுவே கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. கடைசிப் பாட்டிலில் மட்டும் கோடு இல்லை. அடியிலிருந்து கழுத்து வரை ஒரே பழுப்பு.

"மத்ததெல்லாம் மத்த நாளுது," என்றார் லேப் அம்மா. மூக்கில் தடித்த கண்ணாடி, அதற்கு மேல் இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடி. "இது வெடிச்ச அன்னைக்கு, வெடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி குழம்பல் தொட்டியிலேர்ந்து எடுத்தது. அன்னையிலேர்ந்து சூட்டுலயே வச்சிருக்கேன். அசையலை."

"மருந்து போடலை, பிரியலை," என்றார் இன்சார்ஜ். தலையில் கீறல் விழாத தொப்பி. "இன்ஸ்பெக்டரும் இதே மாதிரி ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போயிருக்கார். முடிஞ்சு போன விஷயம்."

"தொப்பி புதுசா சார்?" என்றான் கொழுந்தன்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லே, இந்த ஊர்ல சுத்தமா இருக்கிற ஒரே பொருள் அதுதான்."

அண்ணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பு, பழுப்பாகவே இருந்தது.

"ஏம்மா, மருந்து கம்மியானா பிரியாது. சரி. அதிகமானா?"

"அதிகமா யாரும் போட மாட்டாங்க," என்று ஆரம்பித்த லேப் அம்மா அப்படியே நின்றார்.

"விழுந்துட்டா?"

"ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா..." வார்த்தைகள் மெதுவாக வந்தன. "அப்பவும் பிரியாது. பிரிக்கப் போன மருந்தே நடுவுல புகுந்து ரெண்டையும் இறுக்கிக் கட்டி வச்சுடும்."

"புரியுது," என்றான் கொழுந்தன். "ஒரு வக்கீல் வந்தா விவாகரத்து. ஊர்ல இருக்கிற அத்தனை வக்கீலும் வந்து உட்கார்ந்தா, புருஷனும் பொண்டாட்டியும் பயந்து போய் ஒரே போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்குவாங்க."

லேப் அம்மா சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அதேதான்."

"இதுல எது நடந்திருக்கு? மருந்தே இல்லையா, அதிகமா?"

"கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே பழுப்புதான். பெரிய லேப்புக்கு அனுப்பினா கண்டுபிடிச்சுச் சொல்வாங்க. பதில் வர வாரக்கணக்காகும்."

"ஜீப் சாயங்காலம் வருது." அண்ணி பாட்டிலைக் கீழே வைத்தார். "கிணத்துலேர்ந்து நேரா வந்தது, மருந்தே படாத குழம்பல், கைவசம் இருக்கா?"

"இருக்கு."

"இதுல பாதி, அதுல பாதி, ஒரு பாட்டில்ல ஊத்திக் குலுக்கி சூட்டுல வைங்க. பக்கத்துல அந்த மருந்து படாததையும் தனியா வைங்க."

"ரெண்டு சேத்தைக் கலந்தா என்ன அண்ணி வரும்?" என்றான் கொழுந்தன். "பெரிய சேறு."

"ஒருத்தன் தட்டு நிறைய வச்சுக்கிட்டு திங்க முடியாம உட்கார்ந்திருக்கான். இன்னொருத்தன் பட்டினி. ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வச்சா?"

லேப் அம்மாவின் கை ஏற்கெனவே அலமாரிக்குப் போயிருந்தது.

காத்திருந்தார்கள். வெந்நீர்த் தொட்டி முணுமுணுத்தது. இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று பாட்டில்களையும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் அவன்தான் பார்த்தான். "அண்ணி."

கலந்த பாட்டிலின் கழுத்தில் மை கொட்டினது போல ஒரு வளையம். அது தடித்தது. கீழே பழுப்பு வெளுத்து, கலங்கல் தண்ணீராகி, அப்புறம் அந்தப் பக்கம் நின்ற லேப் அம்மாவின் விரல்கள் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. இரண்டு பக்கமும் நின்ற பாட்டில்கள் அசையவே இல்லை.

"போட்டிருக்கான்," என்றார் லேப் அம்மா. பிறகு தாழ்ந்த குரலில், "இன்னொரு மடங்கு குழம்பலுக்குப் பத்துற அளவுக்குப் போட்டிருக்கான்."

"பையன் தப்பிச்சான்," என்று ஸ்டூலை விட்டு எழுந்தான் கொழுந்தன்.

"எங்கே தப்பிச்சான்?" இன்சார்ஜின் குரல் திடீரென்று தெம்பாகிவிட்டது. "மறந்திருந்தா அது கவனக்குறைவு. ஏதோ கொஞ்ச நாள் உள்ளே இருந்துட்டு வந்திருப்பான். அளவு தெரிஞ்சவன் அளவுக்கு மேல விட்டிருக்கான்னா அது வேணும்னே செஞ்சது. பேசிக்காத மாமன் பாய்லர்கிட்ட நிக்கிறான்னு தெரிஞ்சே செஞ்சது. அதுக்குப் பேரு வேற அம்மா."

கொழுந்தன் மறுபடி உட்கார்ந்தான். காப்பாற்ற வந்த பாட்டில் தூக்குக்கயிற்றை எடுத்து இன்சார்ஜ் கையில் கொடுத்துவிட்டது.

அண்ணி லேப் அம்மாவிடம் கேட்டார். "அந்த ஒரு சுவிட்சால இவ்வளவு மருந்து போகுமா?"

"போகாது. பம்ப் ஒரே சீராத்தான் விடும். இவ்வளவு விழணும்னா கை வால்வையும் திறந்திருக்கணும். கரண்டு போனா மட்டும் திறக்கிறது."

"சுவிட்சு எங்கே இருக்கு? கை வால்வு எங்கே இருக்கு?"

"சுவிட்சு கன்ட்ரோல் ரூம்ல. வால்வு பாய்லர் கூடத்துக்குப் பின்னாடி, மருந்துக் கொட்டகையில. ஒண்ணுலேர்ந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாது."

"தொட்டியில எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்க்கலாமே?"

"மருந்துத் தொட்டியில அளவு காட்டுற கண்ணாடி கறுத்துப் போய் எந்தக் காலமோ ஆச்சு."

இன்சார்ஜ் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மருந்துக் கொட்டகைக்குப் பாய்லர் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கச் சுவர் உரிந்து கிடந்தது. பிளந்த குழாய்கள் வெளிப்பக்கமாக மலர்ந்து, உதட்டைச் சுழித்த மாதிரி நின்றன. தரையில் ஓர் இடத்தில் மட்டும் யாரோ மணலைக் கொட்டி மூடியிருந்தார்கள். கொழுந்தன் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அண்ணியின் கண் வால்வுச் சக்கரங்கள் மேல் இருந்தது. சிலவற்றில் கந்தல் துணி முடிச்சுப் போட்டுத் தொங்கியது. சிலவற்றில் இல்லை.

"இது என்ன, வேண்டுதலா?" என்றான் கொழுந்தன்.

"பாய்லர் ஆளுங்க பழக்கம்," என்றார் இன்சார்ஜ். "சக்கரம் கொதிக்கும். துணி சுத்தித்தான் திருப்புவாங்க. திறந்துட்டா அந்தத் துணியை அதுலயே கட்டி விட்டுடுவாங்க, திறந்திருக்குன்னு அடுத்து வர்றவனுக்குத் தெரியட்டும்னு. மூடினா அவிழ்த்துடுவாங்க. எழுதி வச்ச விதி இல்லை. ஆனா யாரும் மீற மாட்டாங்க."

"வெடிச்சதும் எல்லாத்தையும் மூடியிருப்பீங்களே? இன்னும் சிலதுல துணி தொங்குதே."

"அவசரத்துல ஓடி வந்து மூடினது தீயணைக்கிறவங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"மருந்துக் கொட்டகைக்கும் அவங்க போனாங்களா?"

"இல்லை. அங்கே அவங்களுக்கு வேலை இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று யோசித்தவர் போல இன்சார்ஜ் நடையைக் குறைத்தார்.

கொட்டகை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. மூக்கை அரிக்கும் வாடை. ஒரு தொட்டி, ஒரு பம்ப், பம்ப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு குழாய், அதில் ஒரு சின்னச் சக்கரம். சக்கரத்தில் ஒரு துணி. ஓரம் கருகி, எண்ணெய்க்கறை ஏறி, இரட்டை முடிச்சுப் போட்டு இருந்தது.

அண்ணி சக்கரத்தைத் தொட்டார். "இது சுடுமா?"

"சுடாது. மருந்து பச்சைத் தண்ணி மாதிரிதான்."

"அப்போ துணி எதுக்கு?"

"யாராவது கையைத் துடைச்சிருப்பாங்க."

"கையைத் துடைச்சவங்க முடிச்சுப் போட மாட்டாங்க. பாய்லர்ல வேலை பார்த்த கை, எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் துணியைச் சுத்தித்தான் திருப்பும். திறந்தா கட்டித்தான் வைக்கும். இதைத் திறந்தவர் பாய்லர் ஆள்." சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். இறுக மூடியிருந்தது. "மூடியிருக்கு. துணி அவிழ்க்கலை. மூடினவர் பாய்லர் ஆள் இல்லை. தீயணைக்கிறவங்களும் இங்கே வரலை." அவர் திரும்பவே இல்லை. "நீங்க எப்போ சார் மூடினீங்க?"

இன்சார்ஜ் தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை திரும்ப மாட்டவில்லை.

"வெடிச்சதும் ஓடி வந்தேன். திறந்திருந்தது. மூடினேன்."

"ஏன் சொல்லலை?"

"இந்த வால்வுக்குச் சங்கிலியும் பூட்டும் இருக்கணும். பூட்டு தொலைஞ்சு போச்சு. வாங்கிப் போட வேண்டியது நான். போடலை. திறந்திருந்துதுன்னு சொன்னா முதல் கேள்வி அதுதான் வரும்."

"அதான் பூட்டை வாய்க்குப் போட்டுக்கிட்டீங்க," என்றான் கொழுந்தன். "ஒரு பையன் உள்ளே போனா போகட்டும்னு."

"திறந்தது அவன்தான்னு நினைச்சேன்."

"அன்னைக்குப் பாய்லர்ல டியூட்டி யாரெல்லாம்?" என்றார் அண்ணி.

"ஆள் பற்றாக்குறை. அவர் ஒருத்தர்தான்."

கொழுந்தன் கருகிய துணியைக் குனிந்து பார்த்தான். கறைக்கு நடுவே பொடிப்பொடியாய் நீலம். அவன் சொல்ல வாயெடுத்ததை அப்படியே விழுங்கினான்.

*

"பாட்டில் விஷயம் புரியுது அண்ணி," என்றது போனில் இன்ஸ்பெக்டரின் குரல். "ஆனா துணியைப் பம்ப்காரனே கட்டியிருக்கலாமே, பழியை மாமன் மேல போட. அந்தத் துணிக்கு ஜோடி அந்த வீட்டுல இருக்குன்னு காட்டுங்க. செத்தவரோடதுதான்னு அந்த அம்மா வாயால சொல்லட்டும். நான் வண்டியைத் திருப்பிடறேன். இல்லைன்னா நான் என் வேலையைப் பார்க்கணும்."

"சொல்றேன்," என்று அண்ணி போனை வைத்தார்.

கார் கொஞ்ச தூரம் ஓடியது.

"உறை இல்லாத தலையணை," என்றான் கொழுந்தன், பாதையைப் பார்த்தபடி.

"பார்த்தேன்."

"போன்ல 'சரி'ன்னாராம்."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டா ஆச்சுன்னு சொல்லலாம், இல்லைன்னு சொல்லலாம். 'சரி'ன்னு ஒரு மனுஷன் சொன்னா, அவர்கிட்ட வேற ஏதோ கேட்டிருக்காங்க."

"என்ன கேட்டிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்கும்தான் தெரியும்."

"சொல்லித்தான் ஆகணுமா அண்ணி?"

"சொல்லலைன்னா தம்பி போறான்."

"சொன்னா?"

குடியிருப்பின் கடைசி வரிசையில் கார் நின்றது. கொழுந்தன் சாவியைத் திருகி அணைத்தான்.

"இந்தத் தடவை நானே வாயை வாசல்ல விட்டுட்டு வர்றேன்," என்றான்.

*

"போட்டானா?" என்றாள் அவள், அவர்கள் உட்காருவதற்கு முன்னாலேயே.

"போட்டார்," என்றார் அண்ணி. "உங்க தம்பி சொன்னது அத்தனையும் உண்மை."

அவள் எழுந்தாள். தம்பியின் தோளில் ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், மூன்றாவதுக்கு ஓங்கிய கையால் அவன் தலையை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். அவனும் அழுதான். "நான்தான் சொன்னேனே அக்கா, நான்தான் சொன்னேனே."

கொழுந்தன் ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் அண்ணி, அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்து. "மருந்து ரெண்டு பக்கத்துலேர்ந்தும் விழுந்திருக்கு. சுவிட்சை இவர் போட்டிருக்கார். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பம்ப் ஓடாதப்போ, வேற ஒருத்தர் கொட்டகைக்குப் போய்க் கை வால்வைத் திறந்து விட்டிருக்கார். ரெண்டும் சேர்ந்து அளவு மீறிப் போச்சு. குழம்பல் பிரியாம அப்படியே இறுகிடுச்சு."

"எவன் அவன்?" என்றான் பம்ப்காரன். தலையை உதறிக்கொண்டு எழுந்தான். "அந்த இன்சார்ஜா? சொல்லுங்க. எங்க மாமாவைக் கொன்னவன் எவன்?"

அண்ணி பையிலிருந்து துணியை எடுத்து, கட்டிலின் மேல், உறையில்லாத தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது அந்தச் சக்கரத்துல கட்டியிருந்தது. யாரோடதுன்னு நீங்க சொன்னாத்தான் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்புவார். எனக்கு வேற வழி தெரியலை."

அவள் துணியைத் தொடவில்லை. மடியில் கிடந்த தலையணையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நீலப்பூவும் நீலப்பூவும். ஓரத்தில் ஓடிய தையல்கூட ஒன்று.

"பழசாயிடுச்சுன்னு ஒண்ணை நான்தான் கிழிச்சேன்," என்றாள். "வாரா வாரம் ரெண்டு துண்டு சாப்பாட்டுப் பையில மடிச்சு வப்பேன். கை சுட்டுக்கப் போறீங்கன்னு சொல்லி."

"அக்கா?" என்றான் தம்பி.

"அன்னைக்குப் போன்ல," என்றார் அண்ணி மெதுவாக, "அவர் எதுக்குச் 'சரி'ன்னார்?"

அவள் வெகு நேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரலில் ஈரமே இல்லை.

"இவன் பொண்டாட்டி சொன்னா, குழந்தைக்குக் காய்ச்சல், இவன் ராத்திரி கண்ணே மூடலைன்னு. எனக்குப் பயம். போன வருஷம் மாதிரி மறந்துட்டா இவன் வேலை போயிடுமேன்னு. அவர்கிட்டச் சொன்னேன். 'ஒரு எட்டு போய் மருந்து ஓடுதான்னு பாருங்க. ஓடலைன்னா நீங்களே திறந்து விட்டுடுங்க. அவன்கிட்டப் போய்க் கேட்டு நிக்காதீங்க, மூஞ்சியைத் திருப்புவான், உங்களுக்குத்தான் அவமானம்'னேன். 'சரி'ன்னார். அவ்வளவுதான். சாப்பிட்டீங்களான்னு நான் கேக்கவே இல்லை."

ஜன்னலோரம் கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

அண்ணி போனை எடுத்தார். "ஜோடி இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "ஆமா. அவங்க வாயாலயே சொன்னாங்க. கண்ணால பார்த்தேன்." அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. "வேண்டாம். இன்னைக்கு யாரும் வர வேண்டாம்."

பம்ப்காரன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை நீண்டு கட்டில் காலைப் பிடித்திருந்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல. அவன் அக்கா அவனைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அவனிடம் நேரம் என்ன என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"டேய். அவர் அன்னைக்கு நேரா உன்கிட்ட வந்து, 'மருந்து போட்டியாடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீ பதில் சொல்லியிருப்பியா?"